பையன் கை நீட்டிட்டானுங்க. என் கோபம்தான் அவனுக்கும் வந்துருச்சா?

கேத்தி வண்டிக்காரர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் பொலிரோ பிக்கப் ஓட்டறேன். நீலகிரியில கேத்தி பாலாடாவுல கேரட், பீட்ரூட் ஏத்தி மேட்டுப்பாளையம் மண்டியில இறக்கற வேலை. ராத்திரி ஒரு மணிக்கு வண்டி எடுத்தா காட்டேரி, பர்லியாறு, கல்லாறு இறங்கி விடியறதுக்குள்ள மண்டியில நிக்கணும். வீட்டுக்காரம்மா கேரட் கழுவுற மிஷின்ல வேலை. அவங்களுக்கும் அதே நேரம்தான். பையன் பத்தாவது, பதினஞ்சு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகுது. பொண்ணு நாலாவது.

போன வியாழக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு பஸ் ஸ்டாப்புல நிக்கும்போது, கூடப் படிக்கிற பையனை ஸ்டீல் தண்ணி பாட்டில்ல நெத்தியில அடிச்சுட்டான். புருவத்துக்கு மேல நாலு தையல். ஒரு விரல் கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அந்த பாட்டிலை நான்தான் மேட்டுப்பாளையத்துல வாங்கிக் கொடுத்தேன். இப்ப அடிப்பாகம் உள்ள அமுங்கி, நிமித்தி வச்சா நிக்க மாட்டேங்குது. ஒரு அடிதான் அவன் மேல பட்டுச்சாம். அதுக்கப்புறம் திரும்பி பஸ் ஸ்டாப் கம்பியில அடிச்சுக்கிட்டே இருந்தானாம். கடைக்காரர் ஓடிவந்து பிடிச்சிருக்கார்.

அடிக்கும்போது அவன் சொன்னதையும் அந்தக் கடைக்காரர்தான் சொன்னாரு. "யாருகிட்டப் பேசறேன்னு தெரிஞ்சு பேசு." அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு இறங்கலைங்க. அது என் வார்த்தை. மண்டியில எடை போடறவங்ககிட்ட, லோடுமேன்கிட்ட, வீட்ல அவன் அம்மாகிட்ட, நான் குரல் உசத்தினா முதல்ல வர்ற வார்த்தை. அன்னைக்கு ராத்திரியும் அதையே சொல்லிக்கிட்டு பெல்ட்டை எடுத்தேன். அஞ்சாறு அடி. அவன் அழவே இல்லை. செவுத்தைப் பாத்துக்கிட்டு நின்னான்.

எங்கப்பா டீ எஸ்டேட்ல கவாத்து வேலை, செடியை வெட்டி விடற வேலை பாத்தவர். கவாத்துக் கத்திப் பிடியால என்னை அடிப்பாரு. அவரோட அப்பாவும் அப்படித்தானாம். இது ரத்தத்துல வர்றதுங்களா? இப்பவே இப்படின்னா இவன் ரவுடியாப் போயிடுவானா? ஸ்கூல்ல டி.சி. வாங்கிக்கச் சொல்றாங்க. அடிபட்ட பையனோட அப்பா ஸ்டேஷனுக்குப் போறேங்கறாரு. அவர் மேல எனக்குக் கோபமே இல்லை. என் பையனா இருந்தா நானும் போவேன். ஏன் அடிச்சேன்னு கேட்டா "ஏதோ வாட்ஸ்அப்"ங்கறான், அதுக்கு மேல வாயைத் திறக்கலை. என்ன பண்றதுன்னு தெரியலைங்க.

—

மலைக்காய் வியாபாரி எழுதியது:

அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நாமெல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், கெட்டா போயிட்டோம்? போனைப் பிடுங்கி வைங்க, நாலு போடு போடுங்க, ஒரு வாரத்துல அடங்கிடுவான். கவுன்சலிங் அது இதுன்னு போனா இன்னும் தலைமேல ஏறுவானுங்க.

—

ஓய்வு பெற்ற டீச்சர், கூடலூர் எழுதியது:

மேலே எழுதின தம்பிக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடித்தவன் கையில் இருந்து கற்றதைத்தான் அந்தப் பையன் பஸ் ஸ்டாப்பில் திருப்பிச் செய்திருக்கிறான். அப்பாவே வாய்விட்டுச் சொல்கிறார், வார்த்தைகூட அவருடையது என்று. அதற்கு மருந்து இன்னும் நாலு அடியா? அடித்து வளர்ப்பதைப் பற்றி ஐம்பது வருஷமாக வந்த ஆராய்ச்சிகளை எல்லாம் ஒன்றாகத் திரட்டி 2016-இல் பார்த்தார்கள். மொத்தம் 1,60,000-க்கு மேற்பட்ட குழந்தைகள். அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடுதலாகத்தான் இருந்தது. அடியால் அடங்கியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நானும் என் முதல் ஐந்தாறு வருஷம் பிரம்பு வைத்திருந்தவள்தான். அதை நினைத்து இன்றும் வருத்தப்படுகிறேன்.

வண்டிக்காரத் தம்பி, நான் 31 வருஷம் பந்தலூர், கூடலூர் பக்கப் பள்ளிகளில் எட்டு, ஒன்பது, பத்து எடுத்தேன். பிள்ளைகள் பெரும்பாலும் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் இருந்து வருவார்கள். ரத்தக் காயம் வரை போன சண்டை எத்தனையோ விலக்கியிருக்கிறேன். எல்லாவற்றிலும் நான் கண்ட ஒரு விஷயம், தனியாக இருக்கும்போது நடந்த சண்டை ரொம்பக் குறைவு. எப்போதும் சுற்றி பத்துப் பேர் நிற்பார்கள். யாராவது ஒருத்தன் "டேய்" என்று இழுப்பான், இன்னொருத்தன் சிரிப்பான். அந்தச் சிரிப்பில்தான் கை ஓங்கும்.

இது என் கண்ணுக்கு மட்டும் பட்டதல்ல. 2005-இல் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்கிற உளவியலாளரும் அவர் கூட இருந்தவரும் கார் ஓட்டும் கணினி விளையாட்டு வைத்துப் பார்த்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடும்போது நிதானமாகத்தான் ஆடினார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் வந்து நின்றதும் ஆபத்தில் பாய்ந்தார்கள். 24 வயது தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. அதே பையன், அதே மூளை. பார்க்கிறவர்கள் இருந்தால் வேறு மாதிரி ஓடுகிறது.

அதனால் "ஏன் அடித்தாய்" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் அவனுக்கே தெரியாது. "அங்கே யார் யார் நின்றார்கள்? நீ கை ஓங்கும் முன் அவன் என்ன சொன்னான்? யார் சிரித்தார்கள்?" என்று கேளுங்கள். அதுவும் முகத்துக்கு நேராக உட்கார வைத்து வேண்டாம். வண்டியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போங்கள். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் ஆண்பிள்ளைகள் கொஞ்சம் பேசுவார்கள்.

இன்னொன்றும் கேட்டே ஆக வேண்டும். அந்த வாட்ஸ்அப்பில் சாதி பேசப்பட்டதா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. கூடப் படித்தவனின் வீட்டுக்குள்ளேயே அரிவாளோடு போன பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2024 ஜூனில் அறிக்கை வாங்கினார்கள், கையில் கலர் கயிறு கட்டக் கூடாது என்பது உட்பட. உங்கள் பையன் அடித்த பக்கமாக இருந்தாலும் சரி, அவமானப்பட்ட பக்கமாக இருந்தாலும் சரி, அது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் கதையே வேறு.

டி.சி.யை இப்போது வாங்காதீர்கள். பத்தாவது நடுவில் பள்ளி மாறினால் அவனுக்கு அது ஒரு பட்டமாகிவிடும். தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் அவகாசம் கேளுங்கள்.

—

மனநல சமூகப் பணியாளர் எழுதியது:

அண்ணா, நான் 12 வருஷமா வளரிளம் பிள்ளைகளோட வேலை பார்க்கிறேன். உங்க ரத்தக் கேள்வியில இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா நீங்க அதைத்தான் ராத்திரி வண்டி ஓட்டும்போது நினைச்சுக்கிட்டே போவீங்க.

நியூசிலாந்துல டுனெடின்னு ஒரு ஊர். 1972-73ல அங்க பிறந்த 1,037 குழந்தைகளை இன்னைக்கு வரைக்கும் பின்தொடர்ந்து பார்த்துக்கிட்டு இருக்காங்க. அந்த ஆய்வுல வேலை பார்த்த டெர்ரி மோஃபிட் 1993ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுக் காட்டினாங்க. மூணு, நாலு வயசுலயே ஆரம்பிச்சு வாழ்க்கை முழுக்க முரட்டுத்தனமா போறவங்க ஒரு சின்னக் கூட்டம். பதின்மூணு, பதினாலுல ஆரம்பிச்சு இருபதுகள்ல தானா அடங்கிடறவங்க பெரிய கூட்டம். உங்க பையன் சின்ன வயசுல எப்படி இருந்தான்? ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கும்போது டீச்சர் புகார் வந்திருக்கா? இல்லைன்னா, "ரவுடியா போயிடுவான்"ங்கற பயத்தைக் கொஞ்சம் கீழ இறக்கி வைங்க.

அதே பிள்ளைகளை வச்சு 2002ல மரபணுவையும் பார்த்தாங்க. கோபத்தோட சம்பந்தப்பட்டதுன்னு சந்தேகப்பட்ட மரபணு வகை இருந்தா மட்டும் ஒருத்தன் முரடன் ஆயிடலை. அது இருந்து, கூடவே சின்ன வயசுல கொடுமையும் அனுபவிச்சவங்ககிட்டதான் அது அதிகமா வெளிப்பட்டுச்சு. உங்க அப்பா, தாத்தா, நீங்கன்னு மூணு தலைமுறையா கை மாறினது ரத்தம்னு நீங்க நினைக்கிறீங்க. அந்தக் கத்திப் பிடியும் பெல்ட்டும்தான் கை மாறியிருக்கு. அதை நீங்க நிறுத்தலாம், இன்னைக்கே.

இப்ப உங்க பையனோட தலைக்குள்ள என்ன நடந்திருக்கும்னு சொல்றேன். ஆபத்துன்னு அலறுற பகுதி மூளையோட உள்ள இருக்கு, அது பதினஞ்சு வயசுல முழு வேகத்துல வேலை செய்யுது. "இருடா, யோசி"ன்னு பிடிச்சு நிறுத்தற முன்பகுதி இருபத்தஞ்சு வயசு வாக்குலதான் முழுசா முதிருது. உங்க பாஷையில சொன்னா, இன்ஜின் வந்தாச்சு, பிரேக் இன்னும் பொருத்திக்கிட்டு இருக்காங்க. கல்லாறு இறக்கத்துல அப்படி ஒரு வண்டியை நினைச்சுப் பாருங்க.

அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. வீட்ல அடி, அதட்டல் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அடுத்தவன் முகத்தைப் படிக்கிறதுல ஒரு கோணல் விழுந்துடும். 1980ல கென்னத் டாட்ஜ் பள்ளிப் பையன்களை வச்சுப் பார்த்தார். அவங்க பாதி அடுக்கி வச்ச புதிர் அட்டையை இன்னொருத்தன் கலைச்சுடறான். வேணும்னே செஞ்சானா, தெரியாம நடந்ததான்னு தெளிவா இல்லாத மாதிரி வச்சிருந்தாங்க. முரட்டுப் பையன்கள், வேணும்னே செஞ்சான்னே எடுத்துக்கிட்டாங்க. மத்தவங்க அப்படி எடுத்துக்கலை. சிரிப்பு சும்மா சிரிப்பா, கேலியாங்கற சந்தேகம் வரும்போது கேலின்னு முடிவு பண்ற பழக்கம் அது. அந்தப் பழக்கத்தை மாத்த முடியும், பயிற்சி இருக்கு.

அவமானத்தையும் சின்னதா நினைக்காதீங்க. ஜேம்ஸ் கில்லிகன்னு ஒரு மனநல மருத்துவர் அமெரிக்காவுல மாசச்சூசெட்ஸ் சிறைகள்ல பல வருஷம் வேலை பார்த்தார். கொலை செஞ்சவங்ககிட்ட ஏன்னு கேட்டா, அவருக்கு மறுபடி மறுபடி கிடைச்ச பதில், "என்னை மதிக்கலை"ங்கறதுதான். "யாருகிட்டப் பேசறேன்னு தெரிஞ்சு பேசு"ங்கறதும் அதேதானே அண்ணா.

ரெண்டாவது அடி ஏன் கம்பி மேல விழுந்துச்சுன்னு நான் யோசிச்சேன். அந்த வேகத்துலயும் அவன் கையைத் திருப்பியிருக்கான். எனக்கு அது பெரிய விஷயமாப் படுது. அவன்கிட்ட அதைச் சொல்லுங்க. "நீ அடிச்சது தப்பு. ஆனா ரெண்டாவது அடியை நீ கம்பிப் பக்கம் திருப்பினே, எப்படித் திருப்பினே?"ன்னு கேளுங்க. அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்.

நான் உங்ககிட்ட கேட்க வேண்டியது சிலது இருக்கு. எத்தனை மணிக்குத் தூங்கறான், எத்தனை மணிக்கு எழறான்? இந்த வயசுக்கு எட்டுல இருந்து பத்து மணி நேரம் வேணும். அது குறைஞ்சா சின்னச் சீண்டலும் பெரிய அடியாத் தெரியும். சாப்பாடு, படிப்பு, பிடிச்ச விளையாட்டு இதுல எதையாவது விட்டுட்டானா? பையன்களுக்கு மனச்சோர்வு வந்தா எப்பவும் அழுகையா வராது, பல நேரம் எரிச்சலாத்தான் வரும். போதைப் புகையிலை, கஞ்சா பழக்கம் இருக்கா? நாய், பூனையை வதைக்கிறானா? பையில கத்தி மாதிரி எதையாவது எடுத்துட்டுப் போறானா? யாரையாவது இன்னும் பழி வாங்கணும்னு திட்டம் போடறானா? சாகணும்னு பேசறானா? கடைசி நாலுல ஒண்ணுக்கு "ஆமாம்"னு பதில் வந்தா நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. 14416, டெலி மானஸ்னு அரசாங்க மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது. குழந்தைகள் உதவி எண் 1098ம் இருக்கு. மாவட்ட மனநலத் திட்டத்துல குறிப்பிட்ட நாட்கள்ல மனநல மருத்துவர் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வருவாங்க. உங்க பக்கம் எந்த நாள்னு ஓ.பி. சீட்டு தர்ற இடத்துல கேளுங்க.

போலீஸ் விஷயம். 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு 2015 சிறார் நீதிச் சட்டம்தான். லாக்கப்புல வைக்கக் கூடாது. ஏழு வருஷத்துக்குக் குறையாத தண்டனை உள்ள கொடுங்குற்றமா இல்லாம, பெரியவங்க கூடச் சேர்ந்து செஞ்சதாவும் இல்லாம இருந்தா, எஃப்.ஐ.ஆர். போட மாட்டாங்க. ஸ்டேஷன் டைரியில எழுதி, குடும்பச் சூழ்நிலை அறிக்கையோட சிறார் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவாங்க. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் குழந்தைகள் நல அலுவலர்னு ஒருத்தர் இருப்பார். அவரைத்தான் பார்க்கணும். யாராவது புரோக்கர் வந்து காசு கேட்டா கொடுக்காதீங்க. அடிபட்ட பையனோட வைத்தியச் செலவை மட்டும் கேட்காமலே கொடுங்க.

—

குன்னூர் வர்க்கிக் கடைப் பையன் எழுதியது:

அண்ணா, எனக்கு 26 வயசு. நான் உங்க பையன் மாதிரி ஒருத்தன். ஒன்பதாவதுல ஒருத்தனோட பல்லை உடைச்சேன். அதனால உள்ள இருந்து எப்படி இருக்கும்னு சொல்லலாம்னு எழுதறேன்.

முதல்ல காது சூடாகும். சத்தம் எல்லாம் தூரமாப் போயிடும், மழை நாள்ல தகர ஷெட்டுக்குள்ள நிக்கும்போது பேச்சு கேக்காது இல்ல, அந்த மாதிரி. எதிர்ல இருக்கறவன் வாய் மட்டும் தெரியும். அப்புறம் கை போயிடும். முடிஞ்சதும் ஒரு நிமிஷம் உடம்பு லேசா இருக்கும். அதுதான் கெட்டது, அந்த லேசு. அப்புறம் கை நடுங்கும், வாந்தி வரும். நான் செஞ்சது தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும். ஆனா வீட்ல அப்பா அடிச்சதும் அந்தத் தப்பு கழிஞ்சுடுச்சு. கடன் அடைஞ்ச மாதிரி. அவன் பல்லைப் பத்தி நான் யோசிச்சதே அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான். அடிச்சா இதுதான் நடக்கும் அண்ணா, தப்பு பண்ணவனுக்கு யோசிக்க வேண்டிய வேலை போயிடும்.

பத்தாவதோட நின்னுட்டு பேக்கரிக்கு வந்தேன். மாஸ்டர் விறகு அடுப்பு முன்னாடி நாப்பது வருஷம் நின்ன மனுஷன். வந்த மாசமே ஒரு தட்டு வர்க்கியைக் கோபத்துல கீழ தள்ளினேன். அவர் ஒண்ணும் சொல்லலை. மாவு மேசைக்கு கூட்டிட்டுப் போயி, "காது சூடாச்சுன்னா இங்க வா"ன்னார். நான் யாருகிட்டயும் காதைப் பத்தி சொன்னதே இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்னு அன்னைக்குக் கேக்கத் தோணலை. அப்புறம்தான் சொன்னார், அவரும் அப்படித்தானாம்.

உங்க பையனுக்கு நீங்களே அந்த ஆளா இருக்கலாம் அண்ணா. உங்களுக்கும் காது சூடாகும்தானே? அவன்கிட்ட சொல்லுங்க.

—

கேத்தி வண்டிக்காரர் எழுதியது (ஒன்பது நாள் கழித்து):

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டீச்சரம்மா சொன்ன மாதிரி ஞாயித்துக்கிழமை அவனை வண்டியில கூட்டிட்டுப் போனேன். குன்னூர் தாண்டற வரைக்கும் ரெண்டு பேரும் பேசலை. காட்டேரிகிட்ட பனி இறங்கிடுச்சு, வண்டியை ஓரங்கட்டி டீ வாங்கினோம். நானேதான் ஆரம்பிச்சேன். "மண்டியில எனக்குக் கோபம் வர்றப்ப காது சூடாகும்டா"ன்னேன். அவன் சட்டுன்னு திரும்பிப் பாத்தான். "உங்களுக்குமாப்பா?"ன்னான்.

அப்புறம் மெதுவா வந்துச்சு. கிளாஸ்ல தூங்கி விழுந்திருக்கான். வாயைத் திறந்துக்கிட்டு தூங்கறதை அடிபட்ட அந்தப் பையன் போட்டோ எடுத்து, "நைட் டூட்டி கேரட்"னு எழுதி ஸ்டிக்கர் ஆக்கி கிளாஸ் குரூப்புல விட்டிருக்கான். 41 பேர் குரூப்புங்க. மூணு வாரமா யார் என்ன பேசினாலும் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர். அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல ஒரு பொண்ணு போன்ல அதைப் பாத்துச் சிரிச்சிருக்கு. பக்கத்துல நின்ன அந்தப் பையன், "உங்கம்மா கேரட்டைக் கழுவறப்ப உன்னையும் சேத்துக் கழுவச் சொல்லு"ன்னானாம். சாதி ஒண்ணும் பேசலைன்னான், நான் ரெண்டு தடவை கேட்டுட்டேன்.

ஏன் கிளாஸ்ல தூங்கறேன்னு கேட்டேன். போன்தான் காரணம்னு நினைச்சேன். இல்லைங்க. தீபாவளிக்கு முன்னாடி எங்க தெருக் கோடியில கரடி வந்து கோயில் கதவை உடைச்சு விளக்கு எண்ணெயைக் குடிச்சுட்டுப் போச்சு. அதுல இருந்து நாங்க ரெண்டு பேரும் வேலைக்குக் கிளம்பினதும் பாப்பா எழுந்து அழுமாம். இவன் லைட்டைப் போட்டுக்கிட்டு, கதவுக்கு நேரா நாற்காலி போட்டு உக்காந்திருக்கான். விடியற வரைக்கும். ஒரு மாசத்துக்கு மேல. எங்ககிட்ட ஏண்டா சொல்லலைன்னா, "சொன்னா அம்மா வேலைக்குப் போக மாட்டாங்க"ன்னான். நான் அவன் முதுகுல பெல்ட் பட்ட இடத்தைத் தொட்டேன். அதுக்கு மேல எழுத முடியலைங்க.

இதைச் சொல்றதால அவன் அடிச்சது சரின்னு ஆயிடாது. அந்தப் பையன் நெத்தியில தழும்பு நிக்கும். நேத்து அவங்க வீட்டுக்குப் போனோம். அவன் அப்பா வெளிய வரலை. அம்மா மட்டும் வாசல்ல நின்னு கேட்டாங்க. என் பையன் பேசறதுக்குள்ள தொண்டை அடைச்சுப் போச்சு. மருந்துச் செலவை வாங்க மாட்டேன்னுட்டாங்க, மறுபடியும் போவேன். ஸ்டேஷன்ல இன்னும் ஒண்ணும் எழுதலை. ஹெச்.எம். ஒரு மாசம் பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க, குரூப்பைக் கலைச்சுட்டாங்க.

மனநலப் பணியாளர் தங்கச்சியம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் ஒண்ணொண்ணா பதில் பாத்தேன். கத்தி, கஞ்சா, சாகற பேச்சு எதுவும் இல்லை. ஆனா கேரம் போர்டை எடுத்து ரெண்டு மாசமாச்சுன்னு வீட்ல சொன்னாங்க, அதை நான் கவனிக்கலை. எங்க மாமியாரை ஊர்ல இருந்து வரவழைச்சிருக்கேன், ராத்திரி துணைக்கு. பெல்ட்டை இனி எடுக்க மாட்டேன்னு அவன்கிட்டயே சொல்லிட்டேன். வாய் வார்த்தை இன்னும் வருதுங்க. நேத்துக்கூட லோடுமேன்கிட்ட பாதி வந்து நின்னுச்சு.

எங்க பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் புதன்கிழமை வர்றாங்களாம். அன்னைக்கும் எனக்கு லோடு இருக்கு, மண்டியில இறக்கிட்டு மேல வர்றதுக்குப் பத்தரை, பதினொண்ணு ஆயிடும். அதுக்குள்ள ஓ.பி. சீட்டை மூடிடுவாங்களா, இல்ல வீட்டுக்காரம்மா முன்னாடியே போயி வாங்கி வச்சா பரவாயில்லையா? போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.